பனிச்சாலையில் பிக்கப்: ஃபோர்-ஹை எப்போது, ஃபோர்-லோ எப்போது

கனடாவில் சட்பரி பக்கம் வேலை கிடைத்துப் போயிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. இத்தனை நாள் டொராண்டோவில் ராவ்-4 ஓட்டியவர். இப்போது வேலைக்காகப் பழைய டொயோட்டா டகோமா பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறார், 2017 மாடல். டேஷ்போர்டில் ஒரு திருகுக் குமிழ் இருக்கிறது. இரண்டு சக்கரம் மட்டும் ஓடும் டூ-ஹை, நான்கும் ஓடும் ஃபோர்-ஹை, அப்புறம் நான்கும் மெதுவேகத்தில் ஓடும் ஃபோர்-லோ என்று அதில் மூன்று இடம். அவர் கேட்பது நான்கு விஷயம். நவம்பரில் ஃபோர்-ஹையில் போட்டு ஏப்ரல் வரை அப்படியே விட்டுவிடலாமா? பனி அதிகமாகக் கொட்டினால் ஃபோர்-லோ போட வேண்டுமா? ஃபோர்-வீல் டிரைவ் இருந்தால் வின்டர் டயர் வேண்டாம் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறாரே, சரியா? கடைசியாக, காய்ந்த பார்க்கிங் லாட்டில் ஃபோர்-ஹை போட்டுத் திருப்பிப் பார்த்தபோது வண்டி இழுத்துப் பிடித்துக் 'கடக் கடக்' என்று குதித்ததாம். வாங்கிய வண்டியில் ஏதாவது கோளாறா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. அது புரிந்துவிட்டால் மற்ற மூன்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

வண்டியில் கோளாறு இல்லை. அந்த வண்டி அப்படித்தான் செய்யும், செய்யவும் வேண்டும். வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது நான்கு சக்கரமும் நான்கு தனித்தனி வட்டத்தில் போகின்றன. வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதைச் சமாளிக்கத்தான் ஒவ்வொரு ஆக்சிலிலும் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் அச்சு) டிஃபரென்ஷியல் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்னொரு வித்தியாசமும் உண்டு: முன்சக்கரங்கள் இரண்டும் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் அடிக்கின்றன. ஈரமான டயரோடு காய்ந்த தரையில் மெதுவாகத் திருப்பிவிட்டு இறங்கிப் பாருங்கள், பின் டயரின் தடம் முன் டயரின் தடத்துக்கு உள்ளே விழுந்திருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டகோமாவில் எதுவும் கிடையாது. ஃபோர்-ஹையில் போட்டதும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும்.

தரை பனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஏதோ ஒரு டயர் கொஞ்சம் வழுக்கி வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. காய்ந்த தாரில் டயர் வழுக்காது. அப்போது அந்த முறுக்கெல்லாம் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஜாயின்ட்டிலும் ஏறுகிறது, ஈரத்துணியைப் பிழிவது போல. தாங்க முடியாத கட்டத்தில் ஒரு டயர் தரையை விட்டுத் துள்ளி முறுக்கை விடுகிறது. நீங்கள் கேட்ட 'கடக்' அதுதான். ஒருமுறை நடந்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தினமும் இதே நிலையில் ஊருக்குள் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின், முன் டிஃபரென்ஷியல், ஜாயின்ட்டுகள், டயர் எல்லாம் வேகமாகத் தேயும். ஆகவே முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஃபோர்-ஹையிலேயே விட்டுவைக்கக் கூடாது. பனி உருக உப்புப் போட்டுக் கறுப்பாகத் தெரியும் சாலைதான் குளிர்காலத்திலும் பாதி நாள் உங்களுக்குக் கிடைக்கப்போகிறது.

ராவ்-4 பழக்கம்தான் இங்கே ஆளைக் கவிழ்ப்பது. அதில் நீங்கள் எதையும் போடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பின் ஆக்சிலுக்குப் போகும் விசையை ஒரு கிளட்ச் மூலம் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். திரும்பும்போது கிளட்ச் தளர்ந்துவிடுவதால் முறுக்கு ஏறாது. பிக்கப்பிலும் சிலவற்றில் இப்படி 'ஆட்டோ' என்று நான்காவது ஓர் இடம் உண்டு. செவ்ரலே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150 இரண்டிலும் சில டிரிம்களில் (ஒரே மாடலின் விலைரகங்கள்) வருகிறது. கொஞ்ச தூரம் பனி, கொஞ்ச தூரம் வெறும் தார் என்று மாறி மாறி வரும் சாலைக்கு அதைவிட வசதி வேறில்லை. உங்கள் டகோமாவில் அது இல்லை. அதனால் கம்ப்யூட்டர் செய்யும் வேலையை நீங்களே சாலையைப் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

திருகை மறுபடி டூ-ஹைக்குக் கொண்டுவந்த பிறகும் ஃபோர்-வீல் விளக்கு அணையாமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே முறுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது, பற்கள் இறுகிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன என்று பொருள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். இல்லையென்றால் நேராக ஓட்டிக்கொண்டே ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். விடுவித்துக்கொள்ளும். கட்டாயப்படுத்தித் திருகைத் திருப்பித் திருப்பி ஆட்டுவதால் பயனில்லை.

பழைய வண்டி என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: நான்கு டயரையும் நன்றாகப் பாருங்கள். விற்றவர் இரண்டு டயர் மட்டும் புதிதாக மாட்டிக் கொடுத்திருக்கிறாரா? டகோமாவில் பரவலாக வரும் 265/70 ஆர்16 டயரின் சுற்றளவு சுமார் 2.44 மீட்டர். முன்னால் புது டயரும் பின்னால் 5 மில்லிமீட்டர் தேய்ந்த டயரும் இருந்தால் ஒரு சுற்றுக்கு 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது அல்லவா? ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் நானூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்னும் பின்னும் ஏறக்குறைய 13 மீட்டர் முரண்படுகின்றன, அதுவும் திரும்பாமல் நேர்சாலையில் போகும்போதே. டூ-ஹையில் இது ஒரு பொருட்டே இல்லை. ஃபோர்-ஹையில் ஒவ்வொரு மீட்டரிலும் ஏதோ ஒரு டயர் உராய்ந்துகொண்டே வரும். நான்கும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, எப்போது போடுவது? தரை முழுக்கப் பனி மூடியிருந்தால், சாலையில் பாதி உருகிக் குழைந்த பனி கிடந்தால், பனி தள்ளும் வண்டியான பிளவ் வராத குடியிருப்புத் தெருவில், பனி அமுங்கி இறுகிப்போன கிராமத்துச் சாலையில், மேட்டில் நின்று கிளம்ப வேண்டிய இடத்தில். வெறும் ஈரச்சாலைக்கு வேண்டாம். சக்கரத்தடத்தில் தார் தெரிந்து நடுவில் மட்டும் பனி கிடக்கிற நேர்சாலையில் ஃபோர்-ஹையில் இருந்தால் வானம் இடிந்துவிடாது. அவ்வப்போது டயர் பனியில் பட்டு முறுக்கு அவிழ்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கிருந்து எக்ஸிட் எடுத்து உப்புப் போட்ட ஊர்த்தெருவுக்குள் நுழைந்து, கடை வாசலில் முழுச் சுற்றுத் திரும்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

போடும் முறையும் எளிதுதான். டகோமாவில் 100 கி.மீ. வேகத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டூ-ஹையிலிருந்து ஃபோர்-ஹைக்கு மாற்றலாம் என்பது டொயோட்டாவின் கணக்கு. நான் 50, 60-க்குள் வந்துதான் மாற்றுவேன். நேராகப் போங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுங்கள், திருகுங்கள், விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரியும்வரை காத்திருங்கள். மைனஸ் இருபதில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது இதற்குச் சில நொடி கூடுதலாகவே ஆகும். செய்யக் கூடாதது ஒன்று: பின்சக்கரம் பனியில் சர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பதறிப்போய் ஃபோர்-ஹை போடுவது. பின் ஷாஃப்ட் வேகமாகச் சுற்ற, முன் ஷாஃப்ட் சும்மா நிற்க, இரண்டையும் ஒரு நொடியில் கோத்தால் பற்கள் என்ன ஆகும்? காலை எடுத்து, சக்கரம் நின்ற பிறகு போடுங்கள். இன்னும் நல்லது, மாட்டிக்கொள்வதற்கு முன்பே போடுவது. பிளவ் வராத தெரு எதிரே தெரிகிறது என்றால் அதற்குள் நுழையும் முன் போட வேண்டும், பாதித் தெருவில் நின்ற பிறகு இல்லை.

ஃபோர்-லோ விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள். லோ என்றால் பிடிப்பு அதிகம் என்று ஓர் எண்ணம். பிடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபோர்-ஹையிலும் அதே நான்கு சக்கரம்தான், அதே பூட்டுதான். லோவில் கூடுதலாக ஒரு கியர் நடுவே புகுந்து வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகிறது. டகோமாவில் சுமார் 2.57 மடங்கு, எஃப்-150-இல் 2.64. பாறையில் ஏறுவதற்கு அந்த விசை வேண்டும். வழுக்கும் பனியில் நமக்கு இருக்கும் பிரச்சினை விசை போதாமை இல்லையே, டயர் தாங்கக்கூடியதைவிட விசை அதிகமாகப் போவதுதான். அதை இரண்டரை மடங்கு ஆக்கினால் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே நான்கு சக்கரமும் சுற்றும். அதோடு பெரும்பாலான பிக்கப்புகளில் லோவுக்குப் போனதும் வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் தானாகவே அணைந்துவிடும். சாலையில் லோ போட்டு ஓட்டுவது அதனாலும் ஆபத்து.

அப்படியானால் லோ எதற்கு? ஆக்சில் உயரத்துக்குக் கனத்த பனியில் ஊர்ந்து போக வேண்டியிருக்கும்போது. பின்னால் டிரெய்லரோடு படகுத்துறைச் சரிவில் ஏறும்போது. உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களின் கூடாரத்தை இழுக்கும்போது. எனக்கு மிகவும் பயன்பட்டது செங்குத்தான டிரைவ்வேயில் இறங்குவதற்கு: லோவில் முதல் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடைவேகத்தில் இறக்கும், பிரேக்கைத் தொட வேண்டியிருக்காது. முன்னால் பிளேடு மாட்டிப் பனி தள்ளுகிறவர்களும் கனமான குவியலைத் தள்ள லோ போடுவார்கள், நானும் போட்டிருக்கிறேன். லோவுக்கு மாற்ற வண்டியை முழுதாக நிறுத்தி, பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் வைத்துவிட்டுத்தான் திருக வேண்டும். ஓட்டத்தில் முயற்சி செய்யாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காதது, ஆனால் கேட்டிருக்க வேண்டியது.

ஃபோர்-வீல் டிரைவ் கிளப்புவதற்கு மட்டும்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. இதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், அப்புறம் டிசம்பரில் முதல் பனியன்று 400-ஆம் எண் நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளைப் பார்த்தால் பிக்கப்பும் எஸ்யூவியும்தான் வரிசையாகக் கிடக்கும். தெரிந்தும் ஏன் விழுகிறார்கள் என்று யோசித்தால் காரணம் இதுதான்: சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை ஃபோர்-ஹை மறைத்துவிடுகிறது.

சுமை இல்லாத பிக்கப்பை டூ-ஹையில் பனிச்சாலையில் கிளப்பிப் பாருங்கள். சிக்னல் பச்சை விழுந்து காலை வைத்ததும் பின்பக்கம் ஒருபக்கமாக நெளியும், சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மினுக்கும், வண்டி தயங்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியில் உங்கள் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது, இன்றைக்குத் தரை மோசம் என்று. கை தானாக இறுகும், கால் தானாக மெத்தென்று மிதிக்கும். அதே சாலையில் ஃபோர்-ஹை போட்டிருந்தால்? விசை நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போவதால் எதுவும் வழுக்காது. கோடைக்காலம் போலக் கிளம்பும். 70, 80 எட்டும்வரை ஒரு சின்ன உதறல்கூட இருக்காது. தரை வழுக்குகிறது என்று உங்களுக்கு முதன்முதலில் தெரியவருவது அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போதுதான். அப்போது தெரிந்து என்ன பயன்?

கணக்காகவே பார்ப்போம். டயருக்கும் காய்ந்த தாருக்கும் இடையில் உராய்வு எண் சுமார் 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய பனியில் அது 0.2 அளவுக்கு வந்துவிடும், வெறும் பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த தாரில் 14 மீட்டரில் நிற்கலாம். பனியில் 49 மீட்டர். பனிக்கட்டியில் 98 மீட்டர். 80-இல் போனால் இதே மூன்றும் 36, 126, 252 ஆகிவிடும். காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க ஆகும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கில் எத்தனை சக்கரத்துக்கு எஞ்சின் விசை போகிறது என்பதற்கு இடமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான். கனமான வண்டி என்பதால் சீக்கிரம் நிற்கும் என்று நினைப்பதும் வீண், எடை கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் அதே அளவு கூடுகிறது.

அதனால் என் வழக்கம் இப்படி. வீட்டிலிருந்து தெருவுக்கு வந்ததும் முடிந்தவரை டூ-ஹையில் ஒரு நிமிடம் ஓட்டி, தரை என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஃபோர்-ஹை போடுவேன். ஏற்கெனவே ஃபோர்-ஹையில் இருந்தால், முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேர்சாலையில் 30 வேகத்தில் பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்துப் பார்ப்பேன். எவ்வளவு லேசான மிதிக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் 'கர்ர்' என்று அதிர ஆரம்பிக்கிறது என்பதுதான் அன்றைய வேகத்தை முடிவு செய்யும். நெடுநேரப் பயணத்தில் இதை அவ்வப்போது செய்ய வேண்டும். 69-ஆம் எண் நெடுஞ்சாலையில் பாரி சவுண்ட் ஊரைத் தாண்டி ஜார்ஜியன் விரிகுடாப் பக்கமிருந்து பனிப்பொழிவு அடிக்கும் நாளில் இருபது கிலோமீட்டருக்குள் சாலை ஆளே மாறிவிடும். ஃபோர்-ஹை தேவைப்படும் சாலையில் 100-இல் போகவேண்டிய வேலையே இல்லை, தம்பி. பக்கத்து லேனில் எவனோ போகிறான் என்றால் போகட்டும். ஏபிஎஸ் அதிரும்போது பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியபடியே இருங்கள், ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும். க்ரூஸ் கண்ட்ரோலை மார்ச் வரை மறந்துவிடுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் வண்டி வேகம் குறையும்போது ஃபோர்-ஹைக்கு ஒரு நன்மை உண்டு. டூ-ஹையில் அந்த இழுவை முழுக்கச் சுமையில்லாத பின்சக்கரத்தில் விழும், பனிக்கட்டியில் பின்பக்கத்தைச் சுழற்றிவிடவும் கூடும். ஃபோர்-ஹையில் நான்குக்கும் பகிர்ந்து போகும். நீண்ட இறக்கத்தில் இது நன்றாகவே தெரியும். ஆனால் திருப்பத்தில் நேர்மாறு. முன்னும் பின்னும் பூட்டியிருப்பதால் வண்டிக்குத் திரும்புவதைவிட நேராகப் போகத்தான் ஆசை. ஸ்டீயரிங்கை ஒடித்தும் மூக்கு நேரே போகிறது என்றால் இன்னும் ஒடிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். முன் டயருக்குப் பிடிப்பு திரும்ப வரும்.

வின்டர் டயர் வேண்டாம் என்றவருக்கான பதிலும் மேலே இருக்கும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நிற்பதும் திரும்புவதும் டயரின் வேலை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும்போதே சாதாரண ஆல்-சீசன் டயரின் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடுகிறது. வின்டர் டயரின் ரப்பர் மைனஸிலும் மெத்தென்றே இருக்கும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துக் கொடுப்பது. 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது டிரெட்டின் (டயரின் வரிப்பள்ளம்) வடிவத்தைப் பற்றிய பேச்சு, சோதனை ஒன்றும் இல்லை. பிக்கப்புக்கு வரும் முரட்டு ஆல்-டெரெயின் டயர்களில் சிலவற்றுக்கு அந்த மலைக்குறி உண்டு, பலவற்றுக்கு இல்லை. பார்க்க ஆஜானுபாகுவாக இருப்பதால் பனிக்கட்டியில் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். டிரெட் ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் பனிக்கு அந்த டயர் ஆகாது என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை.

சட்டம் என்று பார்த்தால் கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒட்டாவா போய் அப்படியே கியூபெக்கிலுள்ள கட்டினோ நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலர் ஒன்டாரியோ நம்பர் பிளேட் என்று அலட்சியமாக இருப்பார்கள், அது அவர்கள் பாடு. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கழிவு கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள், தானாக வராது. உங்களுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது: வடக்கு ஒன்டாரியோவில் வசிப்பவர்கள் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஆணி வைத்த ஸ்டட் டயரும் ஓட்டலாம், சட்பரி அதில் அடங்கும். டொராண்டோவில் வசிப்பவர்களுக்கு அது கிடையாது. வெறும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும் சாலையில் தினமும் வேலைக்குப் போவதென்றால் யோசிக்கலாம். பிளவும் உப்பும் ஒழுங்காகப் போகிற சாலை என்றால் ஆணியின் இரைச்சல்தான் மிச்சம். ஆல்-சீசன் டயரோடு ஃபோர்-வீல் டிரைவா, வின்டர் டயரோடு வெறும் டூ-வீல் டிரைவா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டால் திரும்பி வீட்டுக்கு வந்துவிடலாம்.

பிக்கப்பின் பின்பக்கம் லேசு. சுமை இல்லாதபோது எடையில் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் முன் ஆக்சிலில்தான். நீளமான மணல்மூட்டைகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மொத்தம் 100 முதல் 150 கிலோ வருமளவு வாங்கி, பின் ஆக்சிலுக்கு நேர்மேலே போடுங்கள். டெயில்கேட்டை ஒட்டி வால்முனையில் போட்டால் முன்பக்கம் தூக்கி ஸ்டீயரிங் லேசாகிவிடும். நகராமல் கட்டி வைப்பது முக்கியம், பிரேக் பிடித்தால் 30 கிலோ மூட்டை பின்கண்ணாடியை நோக்கிப் பறந்துவரும். மாட்டிக்கொண்டால் ஒரு மூட்டையைக் கிழித்து டயருக்கு முன்னால் தூவவும் ஆகும். சிலர் செலவில்லாமல் தொட்டி நிறையப் பனியையே வாரிப் போட்டுக்கொண்டு திரிவார்கள். அது உருகி மறுபடி உறைந்து ஒரே பாளமாகிவிட்டால் வசந்தம்வரை இறக்க முடியாது.

டயர் காற்றையும் அடிக்கடி பாருங்கள், ஒவ்வொரு 5, 6 டிகிரி குளிருக்கும் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறையும். செப்டம்பரில் சரியாக அடித்த காற்று ஜனவரியில் 6, 7 பிஎஸ்ஐ குறைவாக இருக்கும். டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கே நிரப்புங்கள், 'பனிக்குக் கொஞ்சம் இறக்கி ஓட்டணும்' என்பதெல்லாம் மணல்வெளி வித்தை.

மாட்டிக்கொண்டுவிட்டால் முதல் வேலை ஆக்சிலரேட்டரை மிதிப்பதை நிறுத்துவது. சுற்றச் சுற்ற டயர் அடியிலுள்ள பனியை உருக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொண்டு வயிறு தட்டும்வரை இறங்கும். இறங்கி, சைலன்சர் குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். நான்கு டயருக்கும் முன்னும் பின்னும், வண்டி அடிவயிற்றிலும் பனியை வாரிவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டி எடுக்கலாம். இங்கே லோ போடுவதும் சரிதான், கால் மெதுவாக இருக்கும்வரை. உங்கள் டிரிம்மில் பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரென்ஷியல் லாக் இருந்தால் அதற்கும் இதுதான் இடம். கிளம்பியதும் எடுத்துவிடுங்கள், பூட்டியிருக்கும் பின்பக்க ஆக்சிலோடு பனியில் திருப்பினால் வால் சுழலும்.

வேறொரு வண்டி வந்து இழுத்துவிடுவதாகச் சொன்னால் கயிற்றை எங்கே மாட்டுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் மாட்டும் அந்த இரும்பு உருண்டையில் மட்டும் மாட்டவிடாதீர்கள். அது சாதாரண இழுவைக்கானது, வெட்டி இழுக்கும்போது முறிந்து துப்பாக்கிக் குண்டாகப் பறந்து ஆள் செத்திருக்கிறார்கள். சேசிஸோடு சேர்ந்த இழுகொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

இனி வண்டியின் உடம்பு. ஃபோர்-வீல் டிரைவ் தேய்ந்து கெடுவதைவிடப் பயன்படுத்தாமல் கெடுவதுதான் அதிகம். முன் ஆக்சிலைக் கோக்கும் மோட்டார்களும் கியரைத் தள்ளும் கவைகளும் உப்புத் தண்ணீரில் நனைந்து, கோடை முழுக்க அசையாமல் கிடந்து, துருப்பிடித்து இறுகிவிடும். முதல் பனியன்று திருகைத் திருகினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. மாதத்துக்கு ஒருமுறை குறைந்தது 16 கி.மீ. ஃபோர்-வீலில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கையேடு, முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேருவதற்காக. ஜூலையில் எங்கே ஓட்டுவது என்றால் சரளைச் சாலையில். உங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? எஃப்-150 வைத்திருப்பவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. பல வருட மாடல்களில் முன்சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) விடுவித்து வைத்திருப்பதே வேக்யூம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுப்புதான். அந்தக் குழாயில் கசிவு வந்தால் டூ-ஹையில் ஓடும்போதே ஹப் அரைகுறையாகக் கோத்து முன்சக்கரத்திலிருந்து கறகறவென்று அரைக்கும் சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால் ஹப்பின் பற்கள் போய்விடும்.

உங்கள் வண்டி கைமாறி வந்தது என்பதால் பனி விழுவதற்கு முன்பே இவ்வளவையும் செய்து முடியுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் மூன்றின் எண்ணெயையும் மாற்றச் சொல்லுங்கள். விற்றவர் மாற்றினேன் என்று சொன்னாலும் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது வடிந்த எண்ணெயைப் பார்க்கக் கேளுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்போது மெக்கானிக்கிடம் சீல்களையும் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி லிஃப்டில் ஏறியிருக்கும்போதே சேசிஸைத் தட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். டகோமாவின் பழைய தலைமுறைகளில் சேசிஸ் துரு பெரிய விவகாரமாகி டொயோட்டாவே செலவழித்து மாற்றிக் கொடுத்தது. உங்களுடையது அதற்கு அடுத்த தலைமுறை, இருந்தாலும் ஒன்டாரியோ உப்பு மாடலைப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதிக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள்.

பிறகு ஒரு சரளைச் சாலைக்குப் போய் ஃபோர்-ஹை, ஃபோர்-லோ இரண்டையும் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிவதை மட்டும் நம்பாமல், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்துக் கிளப்பும்போது முன்சக்கரமும் சரளையைக் கிளறுகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் மட்டும் கிளறினால் அக்டோபரிலேயே ஷாப்பில் விடுங்கள். முதல் பனி விழுந்த வாரத்தில் சட்பரியில் எந்த ஷாப்பிலும் உங்களுக்கு இடம் கிடைக்காது.